டெர்ம் மாறியில் பொய் சொல்லலாமா?

கத்துக்குட்டி:
மடிக்கணினியில் கிட்டி என்ற டெர்மினலுக்கு (கட்டளை தட்டும் சாளரம்) மாறி ஒரு வாரம் ஆகிறது. வேலை பார்க்கும் சர்வருக்குள் எஸ்எஸ்எச் (தொலை இணைப்பு) வழியாகப் போய், ஓடும் நிரல்களைக் காட்டும் டாப் கட்டளையை ஓட்டினால், 'எக்ஸ்டெர்ம்-கிட்டி' என்ற டெர்மினல் வகையே தெரியாது என்று சொல்லி நின்றுவிடுகிறது. கோப்பைப் பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ் ஓர் எச்சரிக்கை கொடுத்துவிட்டு என்டருக்குக் காத்திருக்கிறது. பேக்ஸ்பேஸ் தட்டினால் எழுத்து அழிவதற்குப் பதில் இடைவெளி விழுகிறது. பக்கத்து இருக்கை அண்ணன் சொன்னபடி, சர்வரில் ஷெல் (கட்டளைகளை வாங்கும் நிரல்) தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில், டெர்மினல் வகையைச் சொல்லும் டெர்ம் மாறியை எக்ஸ்டெர்ம்-256கலர் (எக்ஸ்டெர்ம் என்ற பரவலான டெர்மினலின் வகைப்பெயர்) என்று மாற்றும் ஒரு வரி சேர்த்தேன். எல்லாம் சரியாகிவிட்டது. இப்படியே விடலாமா?

வேலைமுடி:
விடலாம். கிட்டிக்கு எக்ஸ்டெர்மின் கட்டளைக் குறிகள் ஏறக்குறைய எல்லாமே புரியும். ஒரே வரியில் முடிந்த வேலைக்கு எதற்கு ஆராய்ச்சி?

பச்சைத்திரை:
தம்பி, அந்த வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். 'கம்பியின் மறுமுனையில் யார்?' என்ற கேள்விக்கு விடைதான் டெர்ம். அது உங்கள் டெர்மினலுக்குத் தெரியும். எஸ்எஸ்எச் இணைப்பைத் திறக்கும்போதே அதைச் சர்வருக்குச் சொல்லிவிடுகிறது. சர்வரில் கிடக்கும் பாஷ்ஆர்சிக்கு எப்படித் தெரியும்? யார் வந்தாலும் எக்ஸ்டெர்ம் என்று பெயர் வைத்துவிடும்.

ஒரு நாள் நெட்வொர்க் போய், சர்வரின் கன்சோலிலேயே (அதனோடு நேரடியாக இணைந்த திரை) உட்கார வேண்டி வரும். அங்கே டெர்ம் 'லினக்ஸ்' என்று இருக்க வேண்டும். லினக்ஸ் கன்சோல் எஃப்1 முதல் எஃப்5 வரையான விசைகளுக்கு அனுப்பும் குறி வேறு, எக்ஸ்டெர்ம் அனுப்பும் குறி வேறு. மிட்நைட் கமாண்டர் என்ற கோப்பு மேலாளரில் எஃப்3 தட்டிக்கொண்டே இருப்பீர்கள், கோப்பு திறக்காது. ஈமாக்ஸ் எடிட்டருக்குள் ஷெல் திறந்தால் அது தன்னை 'டம்ப்' என்று சொல்லிக்கொள்ளும். கர்சரை நகர்த்தாதே, வெறும் எழுத்தை மட்டும் அனுப்பு என்று பொருள். உங்கள் வரி அதையும் அழித்துவிடும். அப்புறம் திரை முழுக்க அடைப்புக்குறியும் எண்ணுமாகக் கொட்டும்.

வேலைமுடி:
அண்ணா, ஈமாக்ஸுக்குள் ஷெல் திறப்பவர்கள் அவரவர் பாவத்தைச் சுமக்கட்டும். :)

இரவுக்காவல்:
ஈமாக்ஸ் வேண்டாம், ஒரே டெர்மினலில் பல ஷெல்களை ஓட்டும் ஸ்கிரீனைப் பாருங்கள். ஒவ்வொரு டெர்மினல் வகைக்கும் அது என்னென்ன செய்யும் என்ற விவரப்பதிவு ஒன்று கணினியில் இருக்கும், நிரல்கள் டெர்மைப் பார்த்து அதைத் தேடும். கிட்டியின் பதிவு உங்கள் சர்வரில் இல்லாததால்தான் 'தெரியாது' என்கிறது. எக்ஸ்டெர்மின் விவரப்பதிவில், வரியை அழிக்கும்போது அந்த இடம் தற்போதைய பின்னணி நிறத்தாலேயே நிரம்பும் என்று எழுதியிருக்கும். ஸ்கிரீன் இயல்பாக அப்படிச் செய்யாது. ஸ்கிரீனுக்குள் எக்ஸ்டெர்ம் என்று பொய் சொல்லிவிட்டு விம் எடிட்டரைத் திறந்தால், எழுத்து உள்ள இடத்தில் ஒரு நிறம், வரியின் மிச்சத்தில் வேறு நிறம். இதற்காக விம்மின் வண்ணத் திட்டத்தைக் குற்றம் சொல்லி இரண்டு மாலைகளை வீணடித்தவன் நான்.

வேலைமுடி:
சரி, பாஷ்ஆர்சி கூடாது. அதில் தோற்றேன். ஆனால் பொய்யே கூடாது என்பதை ஏற்க மாட்டேன். மடிக்கணினியில் உள்ள எஸ்எஸ்எச் கான்ஃபிக் கோப்பில் செட்என்வ் (மாறியின் மதிப்பைச் சர்வருக்கு அனுப்பும் வரி) போட்டு, அந்த சர்வருக்கு மட்டும் எக்ஸ்டெர்ம்-256கலர் என்று சொல்லலாம். 2021-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.7-இலிருந்து இது டெர்முக்கும் செல்லும். கன்சோலும் ஸ்கிரீனும் பாதிக்கப்படாது. என் பொறுப்பில் நாற்பது சர்வர்கள், பாதியில் எனக்கு ரூட் (நிர்வாகி) அனுமதி கிடையாது. ஒவ்வொன்றிலும் போய் விவரப்பதிவை நிறுவச் சொல்கிறீர்களா?

பச்சைத்திரை:
நிறுவுவதற்கு ரூட் எதற்கு? மடிக்கணினியில் இன்ஃபோகம்ப் ஓட்டினால் விவரப்பதிவு வெறும் எழுத்தாக வரும். அதை எஸ்எஸ்எச் வழியாகவே சர்வரில் உள்ள, அதைத் தொகுத்து நிறுவும் டிக் கட்டளைக்கு அனுப்புங்கள். பொது அடைவில் எழுத முடியாவிட்டால், உங்கள் வீட்டு அடைவில் புள்ளி-டெர்ம்இன்ஃபோ என்ற இடத்தில் வைத்துக்கொள்ளும். ஒரே வரி, நாற்பது சர்வருக்கும் ஒரு லூப்.

கத்துக்குட்டி:
டிக் எதற்கு? என்னிடம் மேக் ஒன்றும் இருக்கிறது. அதிலிருந்து அந்தப் புள்ளி-டெர்ம்இன்ஃபோ அடைவை அப்படியே நகலெடுத்துப் போட்டுப் பார்த்தேன், அதே பிழைதான் வருகிறது.

இரவுக்காவல்:
அது நல்ல பொறி, விழாதவர்கள் குறைவு. லினக்ஸில் டெர்மினல் வகைப்பெயரின் முதல் எழுத்துதான் பதிவு இருக்கும் உள்ளடைவின் பெயர்: எக்ஸ். மேக்கில் கோப்பு அமைப்பு பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகப் பார்ப்பதால், எழுத்துக்குப் பதில் அதன் பதினாறடிமான எண்ணை வைப்பார்கள். சிறிய எக்ஸுக்கு அது 78. உங்கள் சர்வர் எக்ஸ் அடைவில் தேடுகிறது, நீங்கள் 78-இல் வைத்திருக்கிறீர்கள்.

பெயரைத் திருத்தினாலும் இன்னொரு சிக்கல் வரலாம். இந்தப் பதிவுகளைக் கையாளும் என்கர்சஸ் நூலகத்தின் 2018-இல் வந்த 6.1 பதிப்பு, 32767-ஐத் தாண்டும் எண்களுக்காகத் தொகுத்த கோப்புக்குப் புதிய வடிவம் ஒன்றைக் கொண்டுவந்தது. பழைய 5.9 அதைப் படிக்காது. அதனால்தான் எழுத்தாக அனுப்பி, அங்கேயே டிக் ஓட்டுவது.

வேலைமுடி:
பார்த்தீர்களா, ஒரு 'உண்மை'க்கு எத்தனை குழி! 1978-இல் பில் ஜாய் விஐ எடிட்டருக்காக டெர்ம்கேப் என்ற டெர்மினல் விவரப் பட்டியலை எழுதியபோது, ஒவ்வொரு கம்பெனியின் டெர்மினலும் வேறு பாஷை பேசியது, பட்டியல் தேவைப்பட்டது. இன்றைக்கு எல்லா டெர்மினலும் விடி100 என்ற பழைய டெர்மினலின் பேரப்பிள்ளைகள். எல்லோரும் எக்ஸ்டெர்ம் என்றே சொல்லிக்கொண்டால் இந்தத் தலைவலியே இல்லை.

பச்சைத்திரை:
அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் உலாவிகள் எல்லாம் இன்றும் தங்களை மொசில்லா என்கின்றன. அந்தப் பெயருக்கு இப்போது அர்த்தம் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா? கிட்டியில் எழுத்துப் பிழைக்குக் கீழே விம் போடும் நெளிகோடு எக்ஸ்டெர்ம்-256கலர் பதிவில் கிடையாது. பொய் சொன்னால் அது போச்சு.

வேலைமுடி:
நெளிகோடு இல்லாமல் சர்வரில் ஒரு கான்ஃபிக்கைத் திருத்த எனக்குத் தெரியும், அண்ணா.

கத்துக்குட்டி:
இருவரும் சொன்னதில் பாதிப் பாதி எடுத்துக்கொண்டேன். பாஷ்ஆர்சி வரி போய்விட்டது. தினமும் போகும் இரண்டு சர்வர்களில் டிக் ஓட்டினேன். எப்போதாவது எட்டிப்பார்க்கும் மற்றவற்றுக்குச் செட்என்வ். டாப் நன்றாக ஓடுகிறது. ஆனால் சூடோ போட்டு (ரூட்டாக) டாப் ஓட்டினால் மறுபடியும் டெர்மினல் வகை தெரியாது என்கிறது!

இரவுக்காவல்:
சூடோ டெர்மை அப்படியே கொண்டுபோகிறது, ஆனால் ரூட்டின் வீட்டு அடைவு வேறு. உங்கள் வீட்டில் வைத்த பதிவை அது பார்க்கவில்லை. ரூட் அனுமதி உள்ள சர்வர்தானே, அதே டிக்கை ஒரு முறை சூடோவுடன் ஓட்டுங்கள், பொது இடத்தில் போய் உட்காரும். டெபியன் லினக்ஸ் என்றால் அதுகூட வேண்டாம். கிட்டி-டெர்ம்இன்ஃபோ என்று தனிப் பொதியே இருக்கிறது.

வேலைமுடி:
எனக்குச் சூடோவிலும் ஓடுகிறது. சும்மா சொல்லிவைத்தேன்.