தாத்தாவோட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு: பழைய பெயின்ட்டை அப்படியே காப்பாத்த முடியுமா?

உறையூர்க்காரி

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுல 1966 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் இருக்கு. ரெண்டு கதவு, வெளிர் நீலம். தாத்தா புதுசா எடுத்த வண்டி. முழு பெயின்ட் ஒரு தடவைகூட அடிக்கலன்னு அப்பா உறுதியா சொல்றார். இப்போ பானெட்டும் கூரையும் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்துக் கிடக்கு. விரலை வச்சுத் தேய்ச்சா நீலப் பொடி ஒட்டுது. இடது கதவோட அடி ஓரத்துல துரு. பம்பர்ல புள்ளி புள்ளியா இருக்கு.

இங்க காட்டின டிங்கரிங் பட்டறையில எல்லாத்தையும் உரிச்சு, பட்டி பார்த்து, புது பெயின்ட் அடிச்சிடலாம்னு சொல்றாங்க. எனக்கு மனசு வரல. தாத்தா கை ஊன்றி ஊன்றி டிரைவர் கதவோட மேல் ஓரம் தேய்ஞ்சிருக்கு. அதைக்கூட நான் விட்டு வைக்கணும்னு நினைக்கிறேன். ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்க்கலாமா? எதுல ஆரம்பிக்கணும்?

ஸ்ப்ரேகன் கோவை

காம்பவுண்ட் டப்பாவை இப்போதைக்குத் திறக்காதீங்கம்மா. பட்டறையில வேலை பார்த்த காலம் முழுக்க நான் பெயின்ட் அடிச்சவன். அதனால பெயின்ட் அடிக்க வேண்டாம்னு நான் சொன்னா அதுக்குக் காரணம் இருக்கும்.

அந்தக் காலத்து வண்டிக்கு இப்போ மாதிரி மேல கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, கிடையாது. நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சுலதான். வெயில்ல அந்தப் பூச்சோட மேல் தோல் மட்டும் செத்துப் பொடியா நிக்குது. விரல்ல ஒட்டுன நீலம் அதுதான். அதுக்குக் கீழே உயிரோட இருக்கிற பெயின்ட் இருக்கு. காம்பவுண்ட்ங்கிறது அரைச்சு எடுக்கிற சமாச்சாரம். செத்ததோட சேர்த்து உயிரோட இருக்கிறதையும் எடுத்துட்டுப் போயிடும். எவ்வளவு மிச்சம் இருக்குன்னு தெரியாம மெஷின்ல பஃப் போட்டா, ஓரத்துலயும் மடிப்புலயும் அடிப்பூச்சான பிரைமர் தெரிஞ்சிடும். ஹெரால்டுல ஹெட்லைட்டுக்கு மேல போற மடிப்பு, பின்னால இருக்கிற வால் மாதிரி ஓரம், இதெல்லாம் முதல்ல போயிடும். போனா திரும்ப வராது.

முதல் வேலை அளக்கிறது. பெயின்ட் தடிமன் பார்க்கிற கேஜ் ஒண்ணு இருக்கு. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கி விக்கிறவங்க கையில இருக்கும், ஒரு மணி நேரத்துக்கு இரவல் கேளுங்க. பொதுவா 80 முதல் 120 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) வந்தா ஒரிஜினல் பூச்சுன்னு நம்பலாம். 200 தாண்டினா மேல இன்னொரு பூச்சு ஏறியிருக்கு. 300, 400னா அடியில பட்டி. பேனல் பேனலா அளந்து ஒரு தாள்ல வண்டியோட படம் போட்டு எழுதி வைங்க.

ரெண்டாவது, இது என்ன பெயின்ட்னு பார்க்கணும். ஸ்டெப்னி டயருக்கு அடியில மாதிரி கண்ணுக்குப் படாத இடத்துல, பஞ்சுல என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரைத் தொட்டு ஒத்திப் பாருங்க. உடனே கரைஞ்சு பஞ்சுல நிறம் ஏறினா என்.சி., அதாவது நாங்க டூகோன்னு சொல்றது. கரையாம நின்னாலோ, மெதுவாச் சுருங்கினாலோ சிந்தெடிக் எனாமல். இது ஏன் முக்கியம்னா, நாளைக்கு ஒரு சின்ன இடத்துக்கு டச்சப் பண்ண வேண்டி வந்தா, எனாமல் மேல என்.சி. அடிச்சா அடிப்பூச்சு சுருண்டு எழும்பிடும். பழைய என்.சி. மேல புது என்.சி. அடிச்சா ஒண்ணோட ஒண்ணு கரைஞ்சு சேர்ந்துக்கும்.

அப்புறம் கழுவுறது. துணி சோப்புத்தூளும் பாத்திரம் துலக்கிறதும் வேண்டாம். கார் ஷாம்பு, நிழல், ரெண்டு வாளி (ஒண்ணுல ஷாம்பு தண்ணி, இன்னொண்ணுல துணி அலச நல்ல தண்ணி). பிரஷர் தண்ணியைக் கிட்டக் கொண்டு போகாதீங்க, அந்தக் கண்ணாடி ரப்பருக்கு வயசு என்னன்னு யோசிச்சுப் பாருங்க. காக்கா எச்சம் இருந்தா ஈரத்துணி போட்டு ஊற வச்சு எடுங்க.

இனிதான் முக்கியமான வேலை. மெக்வயர்ஸ் நம்பர் 7னு ஒரு கிளேஸ் வரும். அரைக்கிற பொடி இல்லாத, எண்ணெய்ப் பசை உள்ள சரக்கு. பூந்துவாலைத் துணியில தாராளமா எடுத்து ஒரு பேனல் முழுக்க அழுத்தித் தேய்ச்சு, கொழகொழன்னு அப்படியே விட்டுடுங்க. ஒரு ராத்திரி கிடக்கட்டும். காலையில மெதுவான துணியால துடைச்சா, துணி நீலமா மாறும். பயப்படாதீங்க, அது அந்தச் செத்த பொடிதான். அடியில இருக்கிற பெயின்ட் எண்ணெயைக் குடிச்சு நிறம் கருத்து வரும். பானெட் மாதிரி வெயில் தின்ன இடத்துக்கு இன்னொரு தடவையும் போடணும். அதுக்கப்புறமும் மங்கல் இருந்தா மட்டும், ஓரத்துக்கெல்லாம் டேப் ஒட்டிட்டு, ரொம்ப நைசான பாலிஷ், அதுவும் கையால. கடைசியா கார்னாபா வாக்ஸ், அதாவது ஒரு பனைமர இலையில கிடைக்கிற மெழுகு. சிலிக்கான் கலந்த பளபளப்பு ஸ்ப்ரே எதையும் வண்டி கிட்டயே விடாதீங்க, பின்னால டச்சப் அடிக்கும்போது பெயின்ட் பிடிக்காம குழி குழியா விலகும்.

தொடங்கறதுக்கு முன்னாடி எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்க. பானெட்டுக்குள்ள ஸ்டிக்கர், சாக்பீஸ் குறி, தகடு எது இருந்தாலும் துடைச்சுடாதீங்க. ஹெரால்டு தயாரான வண்டலூர் தொழிற்சாலையில யாரோ ஒருத்தர் கையால போட்டதா இருக்கலாம்.

பத்மினி மதுரை

பெரியவர் சொல்றதை மதிக்கிறேன். ஆனா என்னோட பிரீமியர் பத்மினியை உலோகம் வரைக்கும் உரிச்சு 2கே பி.யூ. (ஹார்டனர் கலந்து அடிக்கிற பாலியூரித்தேன் பெயின்ட்) அடிச்சேன். கண்ணாடி மாதிரி இருக்கு, மழைக்கும் வெயிலுக்கும் கவலை இல்ல. துரு இருக்கிற வண்டியை எண்ணெய் தடவி வச்சிருந்தா எத்தனை வருஷம் தாங்கும்? ஓட்டுற வண்டிக்கு ஓட்டுற பெயின்ட் வேணும்.

ஸ்ப்ரேகன் கோவை

தம்பி, உங்க வண்டிக்கு அது சரியாவே இருந்திருக்கும். அடியில துரு ஓடி, பலபேர் பலமுறை பெயின்ட் அடிச்ச வண்டியை உரிக்கிறதுதான் நியாயம். இவங்க வண்டி அப்படி இல்ல. கை மாறாம ஒரே குடும்பத்துல, முதல் பூச்சோட நிக்கிற ஹெரால்டு இன்னைக்கு எத்தனை கண்ணுல படுது? 2கே பளபளப்பு இன்னைக்கும் கிடைக்கும், நாளைக்கும் கிடைக்கும். 1966-ல அடிச்ச பூச்சு எந்தக் கடையிலயும் கிடையாது.

வெளிநாட்டுலயும் இப்போ இதைத்தான் மதிக்கிறாங்க. அமெரிக்காவுல பெபிள் பீச் கார் கண்காட்சியில காலங்காலமா தங்கம் மாதிரி மினுக்கின வண்டிகதான் முதல் பரிசு வாங்கும். 2024-ல முதல் தடவையா ரெஸ்டோர் பண்ணாம பாதுகாத்த வண்டி ஒண்ணு வாங்குச்சு: 1934 புகாட்டி டைப் 59. தேய்மானத்தோடயே நின்னுச்சு.

துருவைப் பத்தி நீங்க கேட்டது நியாயமான கேள்வி. பெயின்ட்டைக் காப்பாத்தறேன்னு சேஸியை அழுக விடக்கூடாது. ஹெரால்டு தனி சேஸி வண்டி, அதுல பக்கவாட்டுல நீட்டிட்டு இருக்கிற அவுட்ரிகர்ல துரு பிடிக்கும். அங்க ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க. உள்ள போனா வெட்டி வெல்டு வைக்கத்தான் வேணும், அதுல சமரசம் கிடையாது.

கிரோம் ராயபுரம்

பம்பருக்கு ஒரு வார்த்தை. மறுபடி முலாம் போடக் கொடுக்காதீங்க. போடறதுக்கு முன்னாடி கல்லுல அரைச்சு எடுக்கிறதுல ஓரமெல்லாம் மழுங்கி, பம்பரோட வடிவமே மாறிடும். சமையலறை அலுமினியம் ஃபாயிலைச் சுருட்டித் தண்ணியில நனைச்சு லேசாத் தேய்ங்க. கிரோமைவிட அலுமினியம் மெது, கீறாது, மேல இருக்கிற துருப்புள்ளி வந்துடும். உடனே துடைச்சு வாக்ஸ் போடுங்க. நாங்க கடல் காத்துல இருக்கிறவங்க, வாக்ஸ் மறந்தா மறுபடி புள்ளி வந்துடும். அலுமினியப் பட்டை எதுக்கும் இதைப் பண்ணாதீங்க.

உறையூர்க்காரி

ரொம்ப நன்றி ஐயா, நன்றி அண்ணா. கேஜ் கிடைச்சுது. கூரை 90-லேருந்து 105. பானெட் 95 பக்கம், மடிப்புல மட்டும் 60. வலது கதவு 100. இடது கதவு மேல் பாதி 110, கீழ் ஓரத்துல 340. தின்னர்ல கரைஞ்சு பஞ்சு நீலமாச்சு. கூரையில ஒரு சின்னக் கட்டம் மட்டும் கிளேஸ் போட்டுப் பார்த்தேன், பக்கத்து இடத்தோட சேர்த்துப் பார்த்தா வேற வண்டி மாதிரி இருக்கு. அந்த 340-ஐ என்ன பண்றது? துருவும் அங்கதான்.

ஸ்ப்ரேகன் கோவை

அருமையான அளவுங்கம்மா. அப்பா சொன்னது உண்மைதான். அந்தக் கதவு ஓரத்துல எப்பவோ பட்டி வச்சு ஒட்டுப் போட்டிருக்காங்க, அதனால அங்க தைரியமா வேலை பார்க்கலாம். பட்டியை எடுத்து, துருவைச் சுத்தம் பண்ணி, ஓட்டையா இருந்தா தகடு வெல்டு வச்சு, பிரைமர் அடிச்சு, என்.சி.லயே டச்சப். நிறத்தைக் கூரையோட சேர்க்கச் சொல்லாதீங்க, கிளேஸ் போட்டு முடிச்ச கதவோட மேல் பாதியோட சேர்க்கச் சொல்லுங்க, ரெண்டும் ஒரே நீலமா இருக்காது. 2கே அடிச்சுத் தரேன்னா வேண்டாம்னுடுங்க, அதோட தின்னர் பழைய என்.சி.யைக் கிளப்பிடும். கதவுக்குள்ள கீழே தண்ணி வெளியேற ஓட்டை இருக்கும், அடைச்சிருந்தா கம்பி விட்டு எடுங்க. துரு வந்த வழி அனேகமா அதுதான்.

பானெட் மடிப்புல 60 இருக்கு, அங்க பாலிஷே வேண்டாம். கிளேஸும் வாக்ஸும் போதும். வண்டியைத் தார்ப்பாயால மூடாதீங்க, ஈரம் உள்ளேயே நின்னு பெயின்ட் கொப்பளிக்கும். பருத்தித் துணி உறை தைச்சுக்கோங்க. டிரைவர் கதவு ஓரத்துல தாத்தா கைபட்டுத் தேய்ஞ்ச இடத்துல உலோகம் தெரிஞ்சா, வாக்ஸ் மட்டும் அப்பப்போ தடவிட்டு வாங்க.