காது குத்தும் ஆசாரிக்குப் பேசிய கூலிக்கு மேல் தட்டில் பணம் வைக்க வேண்டுமா?

செல்விமகள்: அடுத்த மாதம் பாப்பாவுக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டை, காதுகுத்து. ஆசாரி ஆயிரம் ரூபாய் என்றார். சரி என்று போனை வைக்கப் போகும்போது, "அப்புறம் தட்டுல பார்த்துச் செய்யுங்கம்மா" என்கிறார். எவ்வளவு வைப்பது? அண்ணன்தான் மடியில் உட்கார வைக்கிறான், செலவும் அவனுடையது, முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

வைகைக்கரை: எதுவும் வைக்காதீர்கள் சகோதரி. ஆயிரம் என்று பேசினால் ஆயிரம்தான். அறநிலையத்துறைக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணமே கிடையாது என்று 2021-லேயே அரசு அறிவித்துவிட்டது, அப்படியும் சில இடங்களில் கை நீட்டுகிறார்கள், பிள்ளை பாதி மொட்டையோடு அலறும்போது எந்த அப்பன் பேரம் பேசுவான்? "பார்த்துச் செய்யுங்க" என்பது அங்கேதான் கொண்டுபோய் விடும்.

பத்தர்வீட்டுப்பிள்ளை: அண்ணே, அந்தக் கோபத்தை எங்கள் மேல் இறக்காதீர்கள். என் அப்பா காது குத்துகிறவர். குத்துவது ஒரு நொடி வேலைதான். அதற்கு முன்னால், குழந்தை தலையை ஆட்டிக்கொண்டே இருக்க, இரண்டு மடலிலும் ஒரே உயரத்தில் பொட்டு வைப்பார், தள்ளி நின்று பார்ப்பார், அழிப்பார், மறுபடி வைப்பார். கொஞ்சம் பிசகினாலும் அந்தப் பெண் வளர்ந்து ஜிமிக்கி போடும்போது ஒன்று ஏறி ஒன்று இறங்கித் தொங்கும். எட்டு மணிக்கு வரச் சொல்வீர்கள், தாய்மாமன் சீரோடு வந்து சேரப் பதினொன்று ஆகும், பட்டறையில் அன்றைய வேலை போச்சு. தட்டில் வேட்டி துண்டோடு ஏதாவது வரும் என்ற கணக்கில்தான் அவர் ஆயிரம் என்கிறார். மொத்தத்தையும் முதலிலேயே கேட்டால், கடையில் துப்பாக்கி வைத்து மலிவாகக் குத்துகிறார்களே என்பீர்கள்.

வைகைக்கரை: அந்தக் கணக்கு உங்கள் அப்பா மனதில் இருந்தால் எனக்கு எப்படித் தெரியும் தம்பி? காத்திருக்க வைத்தால் அதற்கும் கூலி கேளுங்கள், கொடுக்க வேண்டியதுதான். வசதியுள்ளவன் ஐந்நூறு வைப்பான், இல்லாதவன் ஐம்பதை வைத்துவிட்டுச் சபையில் கூனிக் குறுகுவான். எங்கள் வீட்டு விசேஷத்திலேயே சம்பந்தி வீட்டார் முன்னால் தட்டைப் பார்த்து ஒருவர் முகம் சுளித்தார், அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

நியூஜெர்சி அத்தை: இங்கே பியர்சிங் ஸ்டுடியோவில் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது வழக்கம்தான். குத்துகிற கூலி தனி, தோடு விலை தனி. மகளுக்கு டைட்டானியம் தோடே பில்லில் பாதிக்கு மேல் வந்தது, நான் கூலிக்கு மட்டும் கணக்குப் போட்டேன், இவர் மொத்தத்துக்கும் வைக்க வேண்டும் என்றார், கடையிலேயே வாக்குவாதம். ஆனால் வைக்காமல் வர மனசு வரவில்லை. பயந்து போன பிள்ளையிடம் காது குத்திய பெண் அவ்வளவு பொறுமையாகப் பேசினாள்.

வைகைக்கரை: அங்கே சட்டமே வேறு அத்தை. ஹோட்டலில் பரிமாறுகிறவருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும், மீதியை டிப்ஸ் ஈடுகட்டட்டும் என்று மத்தியச் சட்டம் 1991 முதல் விட்டு வைத்திருக்கிறது. சம்பளத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டுகிற அந்த வழக்கம் நமக்கு எதற்கு?

பத்தர்வீட்டுப்பிள்ளை: அப்பாவுக்கு முதலாளியே கிடையாது அண்ணே, வருகிற ஆயிரத்தில்தான் பஸ் செலவும். இன்னொன்று, கடைத் துப்பாக்கியின் பிளாஸ்டிக் உடம்பை ஆட்டோகிளேவில், அதாவது சூடான நீராவியில் கிருமி நீக்கும் கருவியில், வைத்துச் சுத்தம் செய்ய முடியாது. அப்பா ஒவ்வொரு குழந்தைக்கும் புதுத் தங்கக் கம்பியைக் கூராக்கிக் குத்துவார், அதையே அப்படியே வளையமாக முறுக்கிக் காதில் விட்டுவிடுவார், அது அடுத்த பிள்ளைக்குப் போகாது.

வைகைக்கரை: நல்ல வேலைதான், அதில் சண்டையே இல்லை. விலையை வாய் திறந்து சொல்லுங்கள் என்கிறேன்.

செல்விமகள்: இப்போதுதான் பேசினேன். எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு, தட்டில் வெற்றிலை பாக்கும் வேட்டி துண்டும் மட்டும். ஒத்துக்கொண்டார்.

பத்தர்வீட்டுப்பிள்ளை: சரி அக்கா. அண்ணனை நேரத்துக்கு வரச் சொல்லுங்கள்.