ஆர்.ஓ.டி.சி.யில் இடம் கிடைத்தது, மருத்துவ அனுமதி வரவில்லை: என்ன செய்யலாம்?

அமெரிக்காவில் பிள்ளைகளை ஆர்.ஓ.டி.சி.யில் (கல்லூரியில் படித்தபடியே ராணுவ அதிகாரியாகப் பயிற்சி பெறும் திட்டம்) சேர்த்த பெற்றோர் யாரேனும் இங்கே இருக்கிறீர்களா?

என் மகளுக்கு ராணுவத்தின் நான்காண்டு உதவித்தொகை கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் கல்லூரி. ஆனால் மருத்துவத் தகுதியை முடிவுசெய்யும் பாதுகாப்புத் துறை வாரியமான டாட்மெர்ப் அவளைத் தகுதியற்றவள் என்று எழுதிவிட்டது. காரணம் ஆஸ்துமா. 13 வயதுக்குப் பிறகு அறிகுறி இருந்தாலே விதிப்படி தடை. 14 வயதில் ஒரு குளிர்காலத்தில் நெஞ்சுச்சளி கட்டியபோது மருத்துவர் இன்ஹேலர் எழுதிக்கொடுத்தார். அந்த ஒரு வரிதான் இப்போது வழிமறிக்கிறது. மூன்று மைல் ஓடிவிட்டு வந்து, மூச்சு வாங்காமல் என்னோடு வாதாடுகிறவள் அவள்!

விதிவிலக்கு பரிசீலனையில் இருக்கிறது. நுரையீரல் பரிசோதனை முடிவும் அனுப்பியாயிற்று. அனுமதி வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்வரை கல்விக்கட்டணமும் கிடையாது, மாதம் 420 டாலர் படியும் கிடையாது.

முதல் செமஸ்டருக்குக் கைக்காசு கட்டியவர்களுக்கு அது பிறகு திரும்பக் கிடைத்ததா? அதிகாலை உடற்பயிற்சியில் சேர எங்கள் குடும்ப மருத்துவரின் சான்று போதுமா, அல்லது அதுவரை வகுப்பறைப் பாடத்தோடு நிற்க வேண்டுமா? பயிற்சி அதிகாரி தங்கமான மனிதர். ஆனால் "பொறுத்திருங்கள்" என்பதற்கு மேல் அவரிடமிருந்து பதில் பெயர்வதில்லை. கட்டணக் கெடு நெருங்குகிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.