பனி சாம்பலாகிறது, முகம் கரியாகிறது: +2 வைத்தும் பயனில்லை, உதவுங்கள்

நிழல்தேடி:
தங்கையையும் மாப்பிள்ளையையும் படமெடுக்கக் குல்மார்க் வந்திருக்கிறோம். கோண்டோலா கேபிள் காரில் கோங்டோரி நிலையம் வரை ஏறி, உச்சி வெயிலில் எடுத்தேன். வெயிலில் கேமராத் திரை சரியாகத் தெரியவில்லை. அறைக்கு வந்து பார்த்தால், பனி துவைக்காத வேட்டி நிறத்தில் இருக்கிறது. முகம் இரண்டும் கரி. பனியில் +2 காம்பன்சேஷன் (கேமரா கணித்ததைவிட இரண்டு படி வெளிச்சம் கூட்டுவது; ஒரு படி என்றால் இரு மடங்கு) வைக்க வேண்டும் என்று படித்து அதையும் வைத்தேன். படத்தில் இம்மியும் மாற்றமில்லை. கேமரா பழுதா? நாளையும் மேலே போகிறோம்.

ஒளிவட்டம்:
பழுதில்லை. எதிரில் இருப்பது எதுவானாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர் கணக்குப் போடும். சாம்பல் அட்டை திருப்பி அனுப்புவது 18 சதவீத ஒளி. புதுப் பனி 80 சதவீதத்துக்கும் மேல். அந்தப் பிரகாசத்தைச் சாம்பலுக்கு இறக்கும்போது முகமும் சேர்ந்து இறங்கிவிடுகிறது. ஆனால் +2 வைத்தும் மாறவில்லை என்பதுதான் இடிக்கிறது. எந்த மோட்?

நிழல்தேடி:
எம் மோட், எல்லாம் கையால் வைப்பது. ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/8. மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை ஷட்டர் வேகத்தைத் திருப்பினேன், 1/1600 நொடி வந்தது. அதன் பிறகுதான் +2 வைத்தேன்.

ஒளிவட்டம்:
அங்கேதான் சிக்கல். எம் மோடில் ஐ.எஸ்.ஓ.வையும் நீங்களே வைத்துவிட்டால், காம்பன்சேஷனுக்கு நகர்த்த எதுவும் மிச்சமில்லை. ஷட்டரை நீங்கள்தான் இறக்க வேண்டும்: 1/1600இலிருந்து 1/400. அதுதான் +2. ஏ மோடில் (துளை உங்கள் கையில், ஷட்டர் கேமராவின் கையில்) +2 வைத்து எடுத்தால் கேமராவே இறக்கிக்கொள்ளும்.

ஃபிலிம்சுருள்:
தம்பி, மீட்டரே இல்லாமலும் இதே விடைதான் வரும். நல்ல வெயிலில் எஃப்/16 வைத்தால், ஷட்டர் வேகம் ஐ.எஸ்.ஓ. எண்ணை ஒட்டியே இருக்கும், உங்களுக்கு 1/100. எஃப்/8க்கு இரண்டு படி திறந்தால் 1/400. முகத்தில் விழும் வெயிலைக் கொண்டு போடும் கணக்கு இது. பின்னால் பனி இருந்தாலும் பாறை இருந்தாலும் மாறாது.

மலைக்காற்று:
எதற்கு இவ்வளவு கணக்கு? ஸ்பாட் மீட்டரிங்கை (ஒரு சிறு இடத்தை மட்டும் அளப்பதை) முகத்தில் வைத்து +2 கொடுங்கள், முடிந்தது.

ஒளிவட்டம்:
இரண்டையும் சேர்க்காதீர்கள், முகம் வெளுத்துப்போகும். +2 என்பது பனியைப் பார்த்து ஏமாறும் மீட்டருக்கான திருத்தம். முகத்தை மட்டும் அளக்கும்போது பனி கணக்கிலேயே வராது. மாநிறத்துக்குப் பூஜ்யத்தில் தொடங்கலாம். கறுப்பு நிறத்தவருக்கு அரைப் படி குறைத்தால்தான் தோல் தன் நிறத்தில் வரும். வெள்ளைத் தோலுக்குத்தான் ஒரு படி கூட்ட வேண்டும். ஆங்கிலப் பாடங்களில் பார்த்த எண்ணை அப்படியே நம் முகத்துக்கு வைப்பதால் வரும் வினை இது.

நிழல்தேடி:
இன்று 1/400, 1/500 இரண்டிலும் எடுத்தேன். முகங்கள் தெளிவு! வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கவைத்தபோது மட்டும் 1/200 தேவைப்பட்டது. அப்போது பின்னால் இருந்த சரிவு முழுவதும் திரையில் கறுப்பாக மின்னுகிறது. பரவாயில்லையா?

ஃபிலிம்சுருள்:
அப்படி மின்னுவது, அந்த இடம் முழுதாக வெளுத்துவிட்டது என்ற எச்சரிக்கை. தூரச் சரிவு போனால் போகட்டும். காலடிப் பனியில் தடம் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். அதுவும் மின்னினால் 1/320க்கு வந்து, ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) முகத்தின் வெளிச்சத்தைத் தூக்கிக்கொள்ளுங்கள். கீழேயிருந்து பனியே ஒளியைத் திருப்புவதால் தாடைக்கு அடியில் அவ்வளவு இருட்டு விழாது. தூக்கினாலும் புள்ளி புள்ளியாகத் தெரியாது.

நிழல்தேடி:
கடைசியாக ஒன்று. எஃப்/1.8இல் பின்னணியை மங்கலாக்கப் பார்த்தால் 1/4000 என்ற எண் மினுக்குகிறது, படம் வெளுக்கிறது.

ஒளிவட்டம்:
அந்த வெயிலுக்கு எஃப்/1.8இல் ஏறத்தாழ 1/8000 வேண்டும். உங்கள் ஷட்டருக்கு அந்த வேகம் இல்லை. என்.டி. ஃபில்டர் (லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் கண்ணாடி) இருந்தால் மாட்டுங்கள். இல்லாவிட்டால் எஃப்/2.8, 1/3200, இருவரையும் சரிவிலிருந்து நன்றாக முன்னால் தள்ளி நிறுத்துங்கள்.