ஐபோன்ல மட்டும் தமிழ் எழுத்து வெட்டுப்படுது, சஃபாரி ஹெக் போட்டும் சரிவரல்ல

ஹப்புத்தளை_வெப்:

வணக்கம். ஹப்புத்தளையில ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு வெப்சைட் செய்து குடுத்திருக்கேன். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூணும் வேணும்னு ஓனர் கேட்டார், செய்தாச்சு. தமிழ்ப் பக்கத்துல "முன்பதிவு செய்க"ன்னு ஒரு பட்டன் இருக்கு. லெப்டொப்ல, அண்ட்ரொய்டுல அழகா வருது. ஐபோன்ல மட்டும் மேல்பக்கம் வெட்டுப்பட்டு, "தி"யோட சுழி காணாமப் போய் "முன்பதவு"ன்னு நிக்குது. "மு"வோட அடிப்பக்கமும் பாதிதான் தெரியுது.

நெட்ல தேடினப்போ ஒரு ஹெக் (ஒரு பிரவுசருக்கு மட்டும் விழுற தந்திரக் கோட்) கிடைச்சது. சஃபாரிக்கு மட்டும் விழுற மீடியா குவெரி, அதாவது ஸ்க்ரீன் எப்படின்னு கேட்டு அதுக்கேத்த ஸ்டைல் போடுற நிபந்தனை. மின்-ரெசொலூஷன்னு சின்ன தசம எண் ஒண்ணு குடுத்து, முன்னால "நொட் ஓல்" போடுறது. அதுக்குள்ள பெடிங்கையும் (எழுத்தைச் சுத்தி உள்இடைவெளி) லைன்-ஹைட்டையும் (வரி உயரம்) கூட்டினேன். என் கையில இருக்கிற ஐபோன் 7ல உடனே சரியாயிடுச்சு. ஆனா ஓனரோட புது ஐபோன்ல அப்படியே வெட்டுது. கேஷ் எல்லாம் அழிச்சுப் பார்த்தாச்சு. இது சரியாகும் வரைக்கும் பாலன்ஸ் காசு இல்லைன்னு சொல்லிட்டார். புது ஐபோனுக்கு வேற ஹெக் ஏதும் இருக்கா?

டிக்கோயா_கோடர்:

ப்ரோ, டச்-கோல்அவுட் ப்ராப்பர்ட்டியை வச்சு ஒரு சப்போர்ட்ஸ் ஹெக் இருக்கு, "இந்த ப்ராப்பர்ட்டி தெரியுமா?"ன்னு பிரவுசர்கிட்ட கேட்கிறது. ஐபோனுக்கு மட்டும்தான் விழும். நான் எல்லா சைட்டுக்கும் அதைத்தான் போடுறேன், பிரச்சினை இல்ல.

நானுஓயா_அக்கா:

தம்பி, ரெண்டு போனுக்கும் என்ன வித்தியாசம்னு பாருங்க, பதில் அதுலயே இருக்கு. ஐபோன் 7க்கு ஐஓஎஸ் 15க்கு மேல அப்டேட் கிடையாது. நீங்க போட்ட ஹெக் என்ன செய்யுதுன்னா, "ரெசொலூஷன்ங்கிற மீடியா ஃபீச்சர் தெரியாத பிரவுசர் யாரு?"ன்னு கேட்குது. அந்தக் காலத்துல சஃபாரிக்கு அது தெரியாது, மற்றதுக்கெல்லாம் தெரியும். அதனால சஃபாரி மட்டும் மாட்டிக்கிட்டு இருந்துச்சு. 2022 செப்டம்பர்ல வந்த சஃபாரி 16ல ஆப்பிள் அதைச் சேர்த்துட்டாங்க. அத்தோட ஹெக் செத்துப் போச்சு. ஸ்டைல்ஷீட்ல (பக்கத்தோட தோற்றத்தை எழுதி வைக்கிற ஃபைல்) யாரும் கைவைக்கல்ல, சேர்வர்லயும் ஒண்ணும் மாறல்ல. ஆனா போன் அப்டேட் ஆன ஆக்களுக்கெல்லாம் பக்கம் வேற மாதிரி. இந்த மாதிரி பிழை வந்தா எங்கன்னு போய்த் தேடுறது?

இது புதுக் கதையும் இல்ல. செலெக்டருக்கு (ஸ்டைல் எந்தப் பகுதிக்குன்னு சொல்றது) முன்னால நட்சத்திரம் போட்டு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6ஐப் பிடிச்ச காலம் ஒண்ணு இருந்துச்சு. 2006ல எக்ஸ்ப்ளோரர் 7 வந்தப்போ அந்த நட்சத்திர ஓட்டையை அடைச்சுட்டாங்க. அதுக்கு முந்தின வருஷமே, உங்க ஹெக்கையெல்லாம் துப்புரவு பண்ணுங்கன்னு மைக்ரோசொஃப்ட்காரங்களே கேட்டுக்கிட்டாங்க. ஓட்டை அடைபட்டதுக்காக லேஅவுட் பிழை எல்லாமும் சேர்ந்து போயிடல்ல, அங்கதான் நிறையப் பேருக்கு உதை. இதுக்கு நேர் எதிராவும் நடக்கும். வெப்கிட் (சஃபாரியோட உள் எஞ்சின்) பேர்ல இருக்கிற பிக்சல் ரேஷியோ குவெரியைக் குரோமுக்கும் சஃபாரிக்கும் மட்டும்னு நம்பிப் போட்டாங்க, 2018ல ஃபயர்பொக்ஸ் 63உம் அதைப் புரிஞ்சுக்க ஆரம்பிச்சது. முதல் கேஸ்ல ஹெக் விழ வேண்டிய இடத்துல விழல்ல, ரெண்டாவதுல விழக்கூடாத இடத்துல விழுது. ரெண்டாவதுதான் மோசம், ஏன்னா நல்லா இருந்த பக்கத்தை அது கெடுக்கும்.

டிக்கோயா தம்பி சொன்னது இன்னைக்கு வேலை செய்யும், மறுக்கல்ல. ஆனா ஐபோன்ல நீங்க குரோம் போட்டாலும் எங்க ஊர்ல உள்ளுக்குள்ள ஓடுறது வெப்கிட்தான், அதுக்கும் சேர்ந்து விழும். அதைவிட, இங்க சஃபாரி குற்றவாளியே இல்ல.

இன்பொக்ஸ்ல நீங்க அனுப்பின லிங்க்கைத் திறந்து பார்த்தேன். ஃபொன்ட் ரொபோட்டோ. அதுல தமிழ் எழுத்தே கிடையாது. அதனால ஒவ்வொரு போனும் தன்கிட்ட இருக்கிற தமிழ் ஃபொன்ட்டை எடுத்துப் போட்டுக்குது. அண்ட்ரொய்டுல நோட்டோ சான்ஸ் தமிழ், விண்டோஸ்ல நிர்மலா யூஐ, ஐபோன்ல ஆப்பிளோடது. ஒவ்வொண்ணுக்கும் மேல கீழ உயரக் கணக்கு வேற. நீங்க பட்டனுக்கு ஹைட் 36 பிக்சல்னு ஆணி அடிச்சு, லைன்-ஹைட் 1 குடுத்து, வெளிய வழியுறதை மறைக்கிற ஓவர்ஃப்ளோ ஹிடனும் போட்டிருக்கீங்க. இங்கிலீஷ் "புக் நவ்" அதுக்குள்ள அடங்கும். தமிழுக்கு மேல சுழி, கீழ வால். எங்கயோ ஒரு இடத்துல வெட்டுப்படத்தான் செய்யும், ஐபோன்ல முதல்ல தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதான்.

ஹைட்டைத் தூக்கிட்டு மின்-ஹைட் (குறைஞ்சபட்ச உயரம்) போடுங்க. லைன்-ஹைட் 1.6, அலகு இல்லாம. பெடிங்கை ஈஎம்ல (எழுத்து அளவோட சேர்ந்து மாறுற அலகு) குடுங்க, ஓவர்ஃப்ளோ ஹிடன் வேணாம். நோட்டோ சான்ஸ் தமிழை உங்க சேர்வர்லயே வச்சு ஃபொன்ட்-ஃபேஸ்ல கூப்பிடுங்க, சிங்களத்துக்கு நோட்டோ சான்ஸ் சிங்களம். இதுல எந்த பிரவுசர்ங்கிற கேள்வியே வராது.

பண்டாரவளை_மிஸ்ட்:

அக்கா சொல்றது சரி, ஆனா ஹெக்னாலே பாவம்னு ஆக்கிடாதீங்க. நான் ஒரு கம்பெனிக்குக் தேயிலைக் கொழுந்து நிறுவை ரிப்போர்ட் காட்டுற ஸ்க்ரீன் செய்தப்போ, தோட்ட ஒஃபீஸ்ல எக்ஸ்ப்ளோரர் 11 தவிர வேற ஒண்ணும் இல்ல, போடவும் விடமாட்டாங்க. ஹை-கொன்ட்ராஸ்ட் மீடியா குவெரியை வச்சு ஹெக் போட்டுத்தான் டேபிளை நிமிர்த்தினேன். வேற வழி இருந்தா சொல்லுங்க பார்ப்போம். ஆனா அதைத் தனி ஃபைல்ல வச்சு, எதுக்கு, எந்த வேர்ஷனுக்கு, எப்ப அழிக்கலாம்னு மேல கொமன்ட் எழுதினேன். 2022 ஜூன்ல மைக்ரோசொஃப்ட் 11க்கு மூடுவிழா நடத்தினாங்க, அதுக்குப் பிறகு ஒஃபீஸ்லயும் மாத்தினாங்க, ஃபைலை அழிச்சேன். மெயின் ஸ்டைல்ஷீட்ல கலந்து விட்டிருந்தா இன்னைக்கும் அது அங்கதான் கிடக்கும், தொடப் பயந்துக்கிட்டு.

இன்னொண்ணு. சப்போர்ட்ஸ் ரூலை முறையாப் பாவிச்சாலும் முழுசா நம்பாதீங்க. ஃப்ளெக்ஸ் பொக்ஸ் லேஅவுட்ல கேப் (பெட்டிகளுக்கு நடுவுல இடைவெளி) சஃபாரிக்கு 14.1லதான், 2021ல வந்துச்சு. ஆனா கிரிட் லேஅவுட்டுக்கு கேப் அதுக்கு முன்னாடியே இருந்ததால, "கேப் தெரியுமா?"ன்னு கேட்டா பழைய சஃபாரியும் தெரியும்னு தலையாட்டும். ஃப்ளெக்ஸ்ல பார்த்தா எல்லாம் ஒட்டிக்கிட்டு நிக்கும்.

ஹப்புத்தளை_வெப்:

அக்கா, ரொம்ப நன்றி. ஹைட்டை எடுத்த உடனேயே ஓனர் போன்ல சுழி வந்துடுச்சு, ஃபொன்ட் போட முன்னாடியே. இப்ப ரெண்டு விஷயம். மலைப்பக்கம் சிக்னல் இருக்கிற இருப்புக்கு ஃபொன்ட் ஃபைல் இறங்க நேரம் எடுக்காதா? மற்றது, என் ஐபோன் 7ல பட்டன் இப்ப தடிச்சுப் போய் நிக்குது.

நானுஓயா_அக்கா:

வொஃப்2 ஃபைலா (சுருக்கின வெப் ஃபொன்ட்) போட்டு, யூனிகோட்-ரேஞ்சை (ஃபொன்ட் எந்த எழுத்துகளுக்குன்னு சொல்றது) தமிழுக்கு மட்டும் குடுங்க. இங்கிலீஷ் பக்கம் பார்க்கிற ஆளுக்கு அது இறங்கவே இறங்காது. ஃபொன்ட்-டிஸ்ப்ளே ஸ்வொப் போட்டா, ஃபைல் வரும் வரைக்கும் போனோட ஃபொன்ட்லயே எழுத்து தெரியும். அதனாலதான் லைன்-ஹைட்டையும் சேர்த்துச் சொன்னேன், ஃபொன்ட்டை மட்டும் மாத்தினாப் போதாது.

7ல தடிச்சு நிக்கிறது அந்தப் பழைய ஹெக் பிளொக் இன்னும் ஃபைல்ல கிடக்கிறதால. புது பெடிங்குக்கு மேல அதுவும் வந்து விழுது. முழுசா அழிச்சுட்டு ரெண்டு போனையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. சரியா இருந்தா ஓனர்கிட்ட இன்னைக்கே காட்டிப் பாலன்ஸை வாங்கிடுங்க, சீசன் தொடங்கிட்டா அவரைப் பிடிக்க முடியாது.