பழைய மாருதி எஸ்டீம் காருக்கு எவ்வளவு கெட்டியான ஸ்பிரிங்? (ரேட் குறையுமா, குறையாதா சண்டை)

எஸ்டீம்ராசா:
நேத்து இங்க ஒரு மகான் எழுதியிருக்காரு, இருபது வருஷ வண்டில காயில் ஸ்பிரிங்கோட பலம் பாதியா போயிடுமாம், அதனால கண்ண மூடிட்டு 30 சதவீதம் கெட்டி ஸ்பிரிங் மாட்டினா புது வண்டி மாதிரி ஆயிடுமாம். படிச்சதுலேருந்து காபி இறங்கல எனக்கு. ஸ்பிரிங் ரேட்டுங்கறது விலை இல்ல, ஒரு மிமீ அமுக்க எத்தனை கிலோ வேணும்ங்கற கணக்கு. அத முடிவு பண்றது கம்பி தடிமன், சுத்தோட விட்டம், வேலை செய்யற சுத்து எத்தனை, எஃகோட விறைப்பு, அவ்வளவுதான். இதுல எது சார் இருபது வருஷத்துல பாதியாகுது? வண்டி உக்காரும், ஒத்துக்கறேன். உயரம்தான் குறையும். ரேட் குறையாது.

பட்டறைப்பாண்டி:
அந்த மகான் நான்தான், வணக்கம். 22 வருஷமா பெங்களூர் மடிவாளாவுல கைய கறுப்பாக்கிட்டு இருக்கேன். பழைய ஸ்பிரிங்க கழட்டி புதுசு பக்கத்துல நிக்க வெச்சா ஒரு விரக்கடை குட்டையா நிக்கும். குட்டையாச்சுன்னா தளந்துடுச்சு, தளந்துடுச்சுன்னா பலம் போச்சு. இதுக்கு எதுக்கு இத்தனை பாடம்?

எஸ்டீம்ராசா:
குட்டையா இருக்கறதெல்லாம் சோப்ளாங்கின்னா எங்க குடும்பத்துல ஆம்பளைங்க யாரும் தேற மாட்டாங்க. கம்பி வருஷக்கணக்கா பாரத்த சுமந்து கொஞ்சம் நிரந்தரமா முறுக்கிக்கும், அதுல 10, 15 மிமீ உயரம் போகும். ஆனா இன்னும் 1 மிமீ அமுக்க எத்தனை கிலோ வேணும்ங்கறது அன்னைக்கும் இன்னைக்கும் ஒண்ணுதான். ரேட் குறையாது.

சந்தாபுராபாசஞ்சர்:
அண்ணே, கேள்வி கேட்டவன் நான், ஞாபகம் இருக்கா? 2004 எஸ்டீம், தினமும் சந்தாபுரா டு சில்க் போர்டு, மாசம் ஒருதடவை சேலம். நாலு பேர் உக்காந்தா ஒவ்வொரு ஹம்ப்புலயும் சைலன்சர் தட்டுது. ஜே.சி. ரோட்டுல 20 சதவீதம் கெட்டி ஸ்பிரிங் இருக்குங்கறாங்க. எடுக்கலாமா வேணாமா?

கணக்குப்புலி:
ரெண்டு பேரும் பாதி பாதி உளர்றீங்க. ரேட்டு கம்பி தடிமனோட நாலாவது அடுக்குல போகும். 11 மிமீ கம்பிய துரு தின்னு 10.5 ஆச்சுன்னா ரேட் 17 சதவீதம் காலி. அப்புறம் ஸ்பிரிங் ரேட் வேற, சக்கரத்துல கிடைக்கற ரேட் வேற. ஸ்பிரிங் சக்கரத்த தாங்கற ஆர்ம் மேல உள்ள தள்ளி உக்காந்திருந்தா, சக்கரம் நகர்ற தூரத்துல ஸ்பிரிங் எத்தனை பங்கு நகருதோ அந்த விகிதத்தோட வர்க்கத்தால பெருக்கணும். முதல்ல எந்த ரேட்ட பத்தி பேசறோம்னு முடிவு பண்ணுங்க.

பட்டறைப்பாண்டி:
கேட்டுக்கங்க! 17 சதவீதம்! படிச்ச புள்ளயே சொல்லிடுச்சு. குறையும்.

எஸ்டீம்ராசா:
அது துரு சார், துரு! வயசு இல்ல! சென்னை, தூத்துக்குடி வண்டின்னா சரி. பெங்களூர்ல என்ன கடலா இருக்கு, பெல்லந்தூர் ஏரி நுரைதான் இருக்கு. துரு தின்ன ஸ்பிரிங் ரேட் குறையறதுக்கு முன்னாடி உடையும், அது வேற கதை.

சரி, வாயில பேசினா உங்களுக்கு ஏறாது, கேளுங்க. போன ஞாயித்துக்கிழமை காலைல என் வண்டிய அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்ல சமதரையா பாத்து நிறுத்தி, பின் சக்கர நடு மூடிலேருந்து மேல ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் டேப் வெச்சு அளந்தேன். டிக்கில நாலு மூட்டை பொன்னி, 25 கிலோ மூட்டை, மொத்தம் 100 கிலோ ஏத்தினேன். ரப்பர் புஷ் மடங்கி பிடிச்சுக்கும்னு பம்பர ரெண்டுதடவை அமுக்கி விட்டு, மறுபடி அளந்தேன். இடது பக்கம் 27 மிமீ இறங்கியிருந்துச்சு, வலது 26. ஒரு பக்கத்துக்கு 50 கிலோன்னா மில்லிமீட்டருக்கு சுமார் 1.85 கிலோ. இதே சோதனைய 2009ல பண்ணி சர்வீஸ் புக்கு பின்னட்டைல பென்சில்ல எழுதி வெச்சிருக்கேன்: 27, 26. இடைல 1,40,000 கிமீ ஓடியிருக்கு. ஒரு மில்லி மாறல. இப்ப சொல்லுங்க, யாரு உளர்றது?

கணக்குப்புலி:
டிக்கி பின் அச்சுக்கு பின்னாடி இருக்கு. 100 கிலோ ஏத்தினா முன்னாடி கொஞ்சம் தூக்கும், பின் அச்சுல 100க்கு மேல இறங்கும். உங்க 1.85 தப்பு.

எஸ்டீம்ராசா:
ரெண்டுதடவையும் அதே டிக்கிதானே ஐயா! தப்புன்னாலும் ஒரே தப்பு. ரேட் குறையாது.

விவேக்நகர்விக்கி:
ராசா அளந்தா கரெக்டாதான் இருக்கும். 2021ல எனக்கு ரெண்டு பின் ஷாக் (ஆட்டத்த அடக்கற ஷாக் அப்சார்பர்) வித்தாரே, "பத்தாயிரம் கிமீ கூட ஓடல" ன்னு அளந்துதான் சொன்னாரு. மூணு மாசத்துல எண்ணெய் வழிஞ்சுது.

எஸ்டீம்ராசா:
நீ 40 சதவீதம் கெட்டி ஸ்பிரிங் போட்டுட்டு அதுமேல என் ஷாக்க மாட்டினே. அது வழியாம என்ன பண்ணும், அழும்.

விவேக்நகர்விக்கி:
ஆமா போட்டேன், வயசு அப்படி. எலக்ட்ரானிக் சிட்டி எலிவேட்டட் மேம்பாலத்துல 10 கிமீக்கும் ஜாயிண்ட்டுக்கு ஜாயிண்ட் டடக் டடக்குன்னு தவளை மாதிரி தத்திட்டே போச்சு, மனைவி பொம்மனஹள்ளில இறங்கி ஆட்டோ புடிச்சுட்டாங்க. ஆனா ஷாக் காசு 3,500 இன்னும் வரல.

கணக்குப்புலி:
தத்தினதுக்கு காரணம் இருக்கு. ரேட்ட 40 சதவீதம் ஏத்திட்டு ஷாக்க அப்படியே விட்டா ஆட்டத்த அடக்கற அளவு 15 சதவீதம் இறங்கிடும். தினசரி குடும்ப வண்டி வினாடிக்கு 1லேருந்து 1.5 தடவை ஆடினா உடம்புக்கு சுகம்.

எஸ்டீம்ராசா:
அதோட முன்னாடியவிட பின்னாடி கொஞ்சம் வேகமா ஆடணும், அப்பதான் பள்ளம் தாண்டினதும் வண்டி தலையாட்டறது சீக்கிரம் நிக்கும். இத 1930கள்லயே ஜெனரல் மோட்டார்ஸ்ல மாரிஸ் ஆலி பாரத்த முன்ன பின்ன மாத்தி மாத்தி ஓட்டிப் பாத்து சொல்லிட்டாரு. நம்மாளுங்க பின்னாடி மட்டும் கெட்டியா, இல்ல முன்னாடி மட்டும் கெட்டியா, கைக்கு கிடைச்சத மாட்டறாங்க. இதுல சிலபேரு ஒரு சுத்து வெட்டி விட்டா சாஃப்ட் ஆகும்னு வேற நம்பறாங்க. ஆறு சுத்துல ஒண்ண வெட்டினா ரேட் 20 சதவீதம் ஏறும் சாமி, உயரம் மட்டும் இறங்கும். மடிவாளா பக்கம் யாரோ அப்படித்தான் வெட்டறதா கேள்வி.

பட்டறைப்பாண்டி:
யாரோன்னு ஏன் இழுக்கறீங்க, என் பேர சொல்லுங்க. கஸ்டமர் கேட்டாரு, வெட்டினேன். அவர் இன்னைக்கும் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் அனுப்பறாரு. உங்களுக்கு யாரு அனுப்பறா?

சந்தாபுராபாசஞ்சர்:
அண்ணே 20 சதவீதம்...

விவேக்நகர்விக்கி:
ஹம்ப்ப குறை சொல்லுங்கப்பா. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், அதான் ரோட்டுக்கு அளவு வகுக்கற அமைப்பு, அவங்க கணக்குல ஹம்ப் 10 செமீ உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்கணும். நம்ம லேஅவுட்ல சமாதி மாதிரி கட்டி வெச்சிருக்கான், பெயிண்ட்டும் இல்ல.

எஸ்டீம்ராசா:
சந்தாபுரா தம்பி, உன் வண்டி தட்டறது ரேட்டால இல்ல, உயரத்தால. காலி வண்டியவே அள. உக்காந்திருந்தா அதே ரேட்ல புது ஸ்பிரிங் போடு, கூடவே நாலு ஷாக்கும் பம்ப் ஸ்டாப்பும் (முழுசா அமுங்கும்போது இடி தாங்கற ரப்பர்) மாத்து. ஏன்னா ரேட் குறையாது.

பட்டறைப்பாண்டி:
குறையலன்னா புது ஸ்பிரிங் எதுக்கு போட சொல்றீங்க? அஷ்டே குரு, அவ்வளவுதான், மாட்டிக்கிட்டாரு!

எஸ்டீம்ராசா:
உயரத்துக்குய்யா, உயரத்துக்கு! தமிழ்லதானே எழுதறேன்?

பட்டறைப்பாண்டி:
இன்னொண்ணு. 2009ல 25 கிலோ மூட்டைல 25 கிலோ இருந்துச்சு. இப்ப வர்ற மூட்டைல 24தான் இருக்கும், எங்க வீட்ல தராசுல போட்டு பாத்திருக்கோம். நாலு மூட்டைக்கு 4 கிலோ கம்மி. கம்மி பாரத்துக்கும் அதே 27 மிமீ இறங்குச்சுன்னா என்ன அர்த்தம்? ஸ்பிரிங் தளந்துடுச்சு. உங்க நோட்டே சாட்சி.

கணக்குப்புலி:
இது... கணக்குப்படி சரிதான். 4 சதவீதம்.

எஸ்டீம்ராசா:
புலி, நீ யாரு பக்கம்? 24ன்னு யாரு சொன்னா? நான் வாங்கறது சிவாஜிநகர்ல, எடை போட்டுத்தான் தைப்பாங்க. உங்க மடிவாளா கடைல ஏமாத்தினா அதுக்கு என் ஸ்பிரிங் என்ன பண்ணும்?

விவேக்நகர்விக்கி:
சிவாஜிநகர்ல பொன்னியா? அங்க பாதி சோனா மசூரிய கலந்து பொன்னின்னு விப்பாங்க. ராசாவுக்கு வாங்கவும் தெரியல, விக்கவும் தெரியல.

எஸ்டீம்ராசா:
பொன்னி எது சோனா எதுன்னு தஞ்சாவூர்க்காரனுக்கு நீ சொல்லித் தராத. மூட்டை இன்னும் டிக்கிலதான் இருக்கு, நாளைக்கே தராசுல வெச்சு போட்டோ போடறேன். 25 இருந்துச்சுன்னா பாண்டி என்ன பண்ணுவாருன்னு இப்பவே எழுதச் சொல்லு.

பட்டறைப்பாண்டி:
தராசும் உங்களோடதுதானே?