வண்டி திருடு போய் கிளைம் வாங்கினவர்கள், உங்களுக்கு என்ன ஆனது?

மயிலாடுதுறைக்காரன்

கடைமுழுக்கு அன்று துலாக் கட்டத்துக்குப் பக்கத்துத் தெருவில் வண்டியை நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனேன். ஐப்பசி கடைசி நாள் கூட்டம் தெரியும்தானே. திரும்பி வந்தால் வண்டி இல்லை. எஃப்.ஐ.ஆர்., ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ சான்று எல்லாம் ஒருவழியாகக் கைக்கு வந்தன, அதை விடுங்கள். மனதை விட்டுப் போகாதது, இன்சூரன்ஸ் ஆபீஸில் கேட்டபடி வண்டியின் இரண்டு சாவிகளையும் கொடுத்த நேரம். ஒரு சாவி தினமும் புழங்கித் தேய்ந்தது. இன்னொன்று பீரோவிலேயே கிடந்ததால் புதுசாகப் பளபளத்தது. அந்த அதிகாரி இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பல்லுக்குப் பல் பார்த்தார். “இது கடையில் வெட்டினதுதானே சார்?” என்றார். பக்கத்தில் அம்மா நின்றிருந்தார். நானே வண்டியை விற்றுவிட்டு வந்தவன் மாதிரி ஆகிவிட்டது.

பணம் வந்தது. ஆனால் லோன் பாக்கியை ஃபைனான்ஸ்காரர்கள் எடுத்துக்கொண்டது போக மீதிதான் எனக்கு. அதுவரை, கையில் இல்லாத வண்டிக்கு மாதத் தவணை, நடுவில் ஒரு பவுன்ஸ் சார்ஜ் வேறு. புது வண்டிக்குப் பாலிசி போடும்போது, கிளைம் போடாத வருஷங்களுக்காகச் சேர்த்து வைத்த 50 சதவீத நோ கிளைம் போனஸ், அதாவது பிரீமியத் தள்ளுபடி, பூஜ்யம். திருடன் செய்ததற்கு எனக்கு ஏன் அபராதம்?

மன்னார்குடி வாசகர்

உங்களுக்காவது பணம் வந்தது. என் சித்தப்பா 2021இல் ஷோரூமில் வண்டி எடுத்தபோது “அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் கவலையே இல்லை” என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றாம் வருஷம் வண்டி போனது. இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, பாலிசிக் காகிதத்தில் இரண்டு வரிகளை விரலால் தொட்டுக் காட்டினார். ஒரு வரியில் 2026 வரை, அடுத்த வரியில் 2022 வரை. 2018 செப்டம்பரிலிருந்து புது டூவீலருக்கு ஐந்து வருஷம் கட்டாயம் என்பது தேர்ட் பார்ட்டி, அதாவது நம் வண்டியால் பிறருக்கு ஆகும் சேதத்துக்கானது, மட்டும்தான். திருட்டு அதில் வராது. திருட்டுக்கு உரிய ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டி இழப்புக்கானது, ஒரே வருஷத்தில் முடிந்திருந்தது. சித்தப்பா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் எல்லோரும் அந்தக் காகிதத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

திருவாரூர் பக்கம்

ஆழித்தேர் பார்க்கப் போன இடத்தில் என் வண்டியும் போனது. கிளைமே போடவில்லை. போட்டால் போனஸ் போகும், வருஷா வருஷம் கூடுதலாகக் கட்ட வேண்டும். இதற்கெல்லாம் கிளைம் போடாமல் இருப்பதே நல்லது.

கும்பகோணத்திலிருந்து

திருவாரூர் அண்ணே, கோபிக்காதீர்கள், நீங்கள் சொல்வதை நம்பி யாராவது கிளைமை விட்டுவிடப் போகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓன் டேமேஜ் பிரீமியம் 900 ரூபாய் என்று வையுங்கள். போனஸ் 50 சதவீதம் இருந்தது பூஜ்யம் ஆனால் முதல் வருஷம் 450 ரூபாய் கூடுதல். அப்புறம் 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50க்கு வந்துவிடும். ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து இழப்பு 1,125 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. போட்டாலும் 1,350ஐத் தாண்டாது. இதற்குப் பயந்து கிளைமில் வரும் நாற்பதாயிரத்தை விடுவதா? மயிலாடுதுறைக்காரர் வருத்தம் நியாயம், ஆனால் உண்மையில் அவரைக் கடித்தது போனஸ் இல்லை, தவணை. கிளைம் பாக்கியாக இருந்தாலும் தவணை ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

என் கதை சின்னது. ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வாங்கியதற்கான சீட்டு) கொடுத்து அனுப்பினார்கள். இன்சூரன்ஸில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், எஃப்.ஐ.ஆர். வேண்டுமாம். ஸ்டேஷனில் பதியவில்லை என்றால் எஸ்.பி.க்குப் புகாரைத் தபாலில் அனுப்பச் சட்டத்தில் வழி இருக்கிறது. நான் அனுப்பினேன், பதிந்தார்கள்.

இன்னும் சில விஷயம். இன்சூரன்ஸுக்கு அன்றைக்கே போன் போட்டு, புகார் எண்ணை எழுதி வையுங்கள். தாமதமாகச் சொன்னீர்கள் என்று காரணம் காட்டித் தள்ளினால் விடாதீர்கள்: போலீஸில் உடனே புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குச் சொல்வதில் ஏற்பட்ட தாமதத்தை மட்டும் வைத்து நிராகரிக்கக் கூடாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. ஆர்.டி.ஓ.வுக்கும் கடிதம் கொடுங்கள். கம்பெனி பதில் சரியில்லை என்றால் சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் (கம்பெனி மேல் வரும் புகாரை விசாரிப்பவர்) இருக்கிறார், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். காரைக்கால்காரர்களும் அங்கேதான். முழு விலை வேண்டுமென்றால் வண்டி புதுசாக இருக்கும்போதே ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நான்காம் வருஷ வண்டிக்கு ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பில், 40 சதவீதம் கழிந்துவிடும்.

நாகப்பட்டினம்

எல்லாரும் மோட்டார் வண்டி பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் போனது பையனின் கியர் சைக்கிள். வாசல் கிரில்லில் பூட்டியிருந்தது. வீட்டுக்குப் பாலிசி இருக்கிறதே என்று கேட்டோம். சர்வேயர் வந்து கதவு, ஜன்னல் எல்லாம் பார்த்துவிட்டு, “உடைத்து உள்ளே வந்த தடயம் இருக்கா?” என்றார். அறுந்து கிடந்த செயினைப் பையன் கையில் எடுத்துக் காட்டினான். அது கணக்கில் வராதாம். சைக்கிளுக்கு என்று தனிப் பிரிவு உண்டு, அதை எங்களுக்கு யாரும் சேர்க்கவில்லை. அடுத்த சைக்கிளுக்குச் சேர்க்கப் போகிறோம். பில்லில் பிரேம் நம்பர் எழுதாமலே கொடுத்திருக்கிறார் கடைக்காரர். நம்பர் இல்லாத பில்லை வைத்து யாராவது அந்தப் பிரிவில் பணம் வாங்கியிருந்தால் சொல்லுங்கள்.